ஒப்பிடப்படும் இளையவரின் பெயர்

ரயில் தஞ்சாவூரை விட்டு நகர்ந்ததும் வைரமணி செய்கிற முதல் காரியம், எதிர் ஜன்னலோரத்து இடத்தில் தன் சாப்பாட்டுப் பையைத் தூக்கி வைப்பது. இன்றைக்கும் வைத்தாள். வைத்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டுக்கொண்டாள். எட்டு மாதமாகத் தினமும் வைத்துவிட்டுத்தான் கேட்டுக்கொள்கிறாள். கேட்கிற மனசுக்கும் வைக்கிற கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது. காலை நேரத்து மகளிர் பெட்டி. மூச்சு விட இடமில்லை. பூக்கூடைக்காரி ஒருத்தி பையைப் பார்த்து, "இங்க ஆளு வருதா?" என்றாள். "வருது, பூதலூர்ல ஏறுவாங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய் என்றும் சொல்ல முடியாது. பூதலூரில் குளோரி ஏறத்தான் போகிறாள். இங்கே வந்து உட்கார மாட்டாள், அவ்வளவுதான். பூக்காரி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவோரம் குந்தினாள், பாவம், கால் கடுக்காதா அவளுக்கு மட்டும்? எடுத்துவிடலாம். பூதலூர் தாண்டட்டும், எடுத்துவிடலாம். மடியில் கைப்பை இருந்தது, அதற்குள் நாலாக மடித்த படிவம். பத்துக் கட்டம். ஒன்பதை நேற்று சாயங்காலமே நிரப்பியாயிற்று. பெயர், பதவி, பணியில் சேர்ந்த தேதி, பதவி உயர்வு பெற்ற தேதி, ஓய்வு பெறும் தேதி. ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். பத்தாவது கட்டம்தான் பாக்கி. 'ஒப்பிடப்படும் இளையவரின் பெயரும் விவரங்களும்' என்று அச்சடித்து, கீழே நாலு விரற்கடை வெள்ளையாக விட்டிருந்தார்கள். அந்த வெள்ளையைப் பார்க்கப் பயந்துதான் படிவத்தையே நாலாக மடித்தது. திருச்சி ஜங்ஷனில் சங்கச் செயலாளர் நல்லசிவம் நிற்பார். கையில் வாங்கிக்கொண்டு நேரே வக்கீலிடம் போவார். இன்றைக்குத்தான் கடைசி நாள். இதை விட்டால் இல்லை என்று நாலு தரம் போன் பண்ணிவிட்டார்.

அது என்ன இளையவர், என்ன ஒப்பீடு என்று வீட்டில் அவள் புருஷன்கூடக் கேட்டார். சட்டம் அப்படி. எனக்குச் சம்பளம் குறைச்சலாக வருகிறது என்று பொதுவாகப் புலம்பினால் எந்தக் கோர்ட்டும் காதில் போட்டுக்கொள்ளாது. எனக்குப் பின்னால் வந்து சேர்ந்து, என் பதவியிலேயே, என் வட்டாரத்திலேயே இருந்துகொண்டு, என்னைவிட அதிகம் வாங்குகிற இன்னார் இதோ என்று ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கைகாட்ட வேண்டும். கைகாட்டினால் அந்த ஆளின் சம்பளத்துக்கு இவளுடையதை ஏற்றுவார்கள். வைரமணிக்குக் கைகாட்ட வட்டாரம் முழுக்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு. மற்றவர்களெல்லாம் ஒன்று அவளுக்கு முன்னால் வந்தவர்கள், அல்லது மூன்று நான்கு வருஷம் பின்னால் வந்து இன்னும் அவளை எட்டிப் பிடிக்காதவர்கள். சிவக்கொழுந்து என்று ஒருவரைப் பற்றி நேற்று ராத்திரி வரைக்கும் நம்பிக்கை இருந்தது. அவர் வேறு வட்டாரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், செல்லாது என்று நல்லசிவம் அதையும் அடித்துவிட்டார். "குளோரி மேடம்தாம்மா. அச்சுல வார்த்த மாதிரி பொருந்துது. உங்களுக்கு ஏப்ரல்ல பிரமோஷன், அவங்க செப்டம்பர்ல ஜாயினிங். இதவிட நல்ல கேஸு என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். வரன் பொருத்தம் பார்த்துச் சொல்கிறவர் மாதிரி.

ஆலக்குடியில் வண்டி நின்று கிளம்பியது. செப்டம்பர் என்றால் செப்டம்பர் பதினொன்று. அன்றைக்கு டைப்பிஸ்ட் பெண் லீவு. வைரமணி கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நாற்காலிக்கு வர அவளுக்கு இருபது வருஷம் பிடித்தது. டைப்பிஸ்டாக வந்து, எழுத்தராகி, உதவியாளராகி, ஒவ்வொரு படியிலும் ஆறு வருஷம் ஏழு வருஷம் உட்கார்ந்து எழுந்து வந்தவள். இப்படி வந்தவர்களுக்கு ஆபீசில் பிரமோட்டி என்று பெயர். பரீட்சை எழுதி நேரே அந்த நாற்காலியில் வந்து இறங்குகிறவர்கள் டைரக்ட். டைரக்ட் என்று சொல்லும்போது அவர்கள் முதுகு கொஞ்சம் நிமிரும். பிரமோட்டி என்று சொல்லும்போது சொல்கிறவன் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். இருபத்தெட்டு வயசில், பச்சைக் காட்டன் புடவையில், கையில் நியமன உத்தரவோடு ஒரு டைரக்ட் வந்து நின்றபோது, பணியேற்பு அறிக்கையை அடித்துக் கொடுக்க ஆளில்லை. வைரமணி எழுந்து போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். பழைய கை. இரண்டு நிமிஷத்தில் அடித்து உருவினாள். அந்தப் பெண் அதை வாங்கிப் படித்துவிட்டு, "என்னக்கா ஒரு தப்புக்கூட இல்ல!" என்றாள். முதல் வார்த்தையே அக்கா. மேடம் இல்லை, சூப்பிரண்டு அம்மா இல்லை. மத்தியானம் சாப்பாட்டு அறையில் டைரக்டுகள் ஜன்னல் பக்கத்து மேஜையில், பிரமோட்டிகள் கை கழுவுகிற தொட்டி பக்கத்து மேஜையில். யாரும் சட்டம் போட்டதில்லை, ஆனால் தாண்டினதும் இல்லை. இந்தப் பெண் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே தொட்டிப் பக்கம் வந்து, "நகருங்கக்கா" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது என்ன குழம்பு அன்றைக்கு? மாங்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வைரமணி கருவாடு தொட மாட்டாள். "வாசனைக்குக் காசு வாங்க மாட்டேன், பிடிச்சுக்குங்க" என்றாள் குளோரி. பத்தொன்பது வருஷம் அந்த வாசனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டவள் வைரமணி. இந்த எட்டு மாதமாக அவள் தயிர்சாதத்தில் ஒரு ருசியும் இல்லை. உப்புப் போட்டாலும் இல்லை, போடாவிட்டாலும் இல்லை.

எல்லாம் ஒரு சம்பளச் சீட்டால் வந்தது. அதையும் குளோரியேதான் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குச் சோளகம்பட்டி தாண்டி வண்டி சிக்னலுக்கு நின்றுகொண்டிருந்தது. "மணிக்கா, சொசைட்டிப் பிடித்தம் ரெண்டு தடவை போயிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, எனக்கு இந்தப் பொடி எழுத்து தெரியல" என்று நீட்டினாள். நாற்பத்தேழு வயசுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கம் அவளுக்கு. வைரமணி தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் பார்த்தாள். சொசைட்டிப் பிடித்தம் கீழே ஒன்பதாவது வரியில் இருந்தது. கண் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அடிப்படைச் சம்பளம். நாலாயிரத்துச் சொச்சம் அதிகம். புதிய ஊதிய உடன்பாட்டில் பரீட்சை எழுதி வந்தவர்களுக்கு மட்டும் நுழைவுச் சம்பளம் என்று ஒன்றைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். படியேறி வந்தவர்களுக்குப் பழைய சம்பளத்தோடு ஒரு இன்கிரிமென்ட், போய் வா என்று. ஊர் முழுக்க இதைப் பேசினார்கள்தான். ஆனால் ஊர் பேசுவது வேறு, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருப்பவளின் சீட்டில் அதைப் பார்ப்பது வேறு. "ஒரு தடவைதாண்டி பிடிச்சிருக்கான்" என்று சொல்லி மடித்துக் கொடுத்தாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. திருவெறும்பூர் வரைக்கும் வேறு எதையோ பேசினார்கள், என்ன என்று ஞாபகம் இல்லை. பணம் பெரிசில்லை. சத்தியமாகப் பெரிசில்லை. இரு, அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிடாதே, பென்ஷன் அதை வைத்துத்தானே கணக்கு, சாகிற வரைக்கும் குறைச்சலாக வரும். சரி, பெரிசுதான். ஆனால் அன்றைக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது பணம் இல்லை. அந்த நாற்காலிக்கு நான் முதலில் வந்தேன். இவள் வரும்போது அங்கே நான் இருந்தேன். இவள் வந்ததை அடித்துக் கொடுத்ததே நான். இருபது வருஷம் ஏறினேனே, அந்தப் படிக்கட்டுக்கு விலை ஒரு இன்கிரிமென்டா? இதைக் குளோரியிடமே கேட்டிருக்கலாம். என்னடி அநியாயம் இது என்று அவளிடமே சொல்லியிருந்தால் அவளே இவளைவிட அதிகமாகக் கத்தியிருப்பாள். கேட்கவில்லை. சண்டாளி, கேட்காமல் போய் எங்கே சொன்னாள்?

சங்கப் பொதுக்குழுவில் சொன்னாள். நல்லசிவம் மைக்கைப் பிடித்து, "யாராச்சும் ஒரு உதாரணம் சொல்லுங்க, ஒரே ஒரு உதாரணம்" என்று கேட்டபோது நாற்பது பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் வாயே திறக்காத வைரமணி எழுந்து நின்றாள். "பூதலூர் குளோரி பேசிக் இவ்வளவு, எனக்கு இவ்வளவு" என்றாள். ரூபாய் சுத்தமாகச் சொன்னாள். கை தட்டினார்கள். அவளுக்கு அதுவரை யாரும் கை தட்டியதில்லை; காது சூடாகி, ஒரு பத்து நிமிஷம் அவள் பெரிய மனுஷியாக இருந்தாள். மறுநாள் காலையில் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை. 'இளையவர் திருமதி குளோரி பெறுவதோ', அடுத்து ரூபாய், 'மூத்தவர் திருமதி வைரமணி பெறுவதோ', அடுத்து ரூபாய், கீழே மூன்று ஆச்சரியக்குறி. போர்டுக்கு முன்னால் குளோரி நின்றிருந்தாள். பக்கத்தில் இரண்டு டைரக்ட் பையன்கள். அவள் மெதுவாக வாசித்தாள், கண்ணாடி இல்லையே, கண்ணை இடுக்கி எழுத்தெழுத்தாக. அப்போது வைரமணி படியேறி வந்துகொண்டிருந்தாள். ஓடிப் போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். அவர்கள் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதுடி என்றிருக்க வேண்டும். தெரியாதா? கை தட்டும்போதே தெரியும். குளோரி திரும்பி இவளைப் பார்த்தாள், திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. "குட் மார்னிங் மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து மேடம். கோப்பு அனுப்பினால் மேடம், லிப்டில் பார்த்தால் மேடம். அந்த ஒரு வார்த்தையால் எட்டு மாதமாக அடிக்கிறாள். கையோங்கி அடித்திருந்தால் ஒரு நாள் வலியோடு போயிருக்கும்.

முழங்காலில் எப்போதும் வருகிற குத்தல் எடுத்தது. வண்டி வேகம் குறைந்தது, பூதலூர். வைரமணி ஜன்னல் கம்பியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். ஏன் பார்க்கிறாய், பார்க்காதே. வேப்பமரத்தடியில்தான் நிற்பாள், எப்போதும் அந்த மரத்தடிதான், வண்டி எங்கே நின்றாலும் மகளிர் பெட்டியின் வாசல் அவளுக்கு நேரே வரும், அது ஒரு கணக்கு. இருந்தாள். ஊதா நிறப் புடவை. இவள் கூடப் போய் எடுத்ததில்லை இது, புதுசு. யாரோடு போனாள்? பார்டர் சகிக்கவில்லை, நானாயிருந்தால் எடுக்க விட்டிருக்க மாட்டேன். தலையில் டை அடிப்பதை விட்டுவிட்டாள் போலிருக்கிறது, காதோரம் வெளுத்துக் கிடக்கிறது. உடம்பு சரியில்லையா? ஏறினாள். வைரமணி சாப்பாட்டுப் பையைத் தொட்டாள். எடுக்கவில்லை, தொட்டுக்கொண்டாள். குளோரியின் கண் அந்தப் பையின் மேல் பட்டது. பட்டது நிச்சயம், ஒரு நொடி. பிறகு இரண்டு வரிசை தள்ளி நர்சிங் படிக்கிற பெண்களுக்கு நடுவில் போய், "கொஞ்சம் ஒட்டி உக்காருங்கம்மா" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதே இடிப்பு. அந்தப் பெண்கள் ஏதோ சொல்ல, சிரித்தாள். சிரிப்பு மட்டும் இங்கே வரைக்கும் வந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. வைரமணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பூக்காரியைக் கூப்பிட்டாள். "வரலியா அவங்க?" என்றாள் பூக்காரி. "இன்னிக்கி லீவு போல" என்றாள் வைரமணி. ஐம்பத்தொன்பது வயசில் ஒரு பூக்காரியிடம் பொய் சொல்கிறாய், சொல்லிவிட்டு அழுகை வருகிறது உனக்கு, வெட்கமாக இல்லை?

எழுதாமல் விட்டுவிடலாம். கட்டத்தை வெள்ளையாக விட்டுக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நாற்பது பேருக்குக் கிடைக்கிறது அவளுக்குக் கிடைக்காது. "ஊரான் காசா, உன் காசு. வாங்குறத வாங்கு" என்று புருஷன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அவருக்கென்ன, அவருக்கு ஒரு சிநேகிதமும் இருந்ததில்லை, சம்பளமும் பிசகினதில்லை. எழுதினால் என்ன ஆகும்? குளோரி எதிர்மனுதாரர் ஆவாள். நிர்வாகம் எப்போதும் நேர்வழியில் யோசிக்காது. வைரமணிக்கு ஏற்றிக் கொடுப்பதற்குப் பதிலாக, அட, அந்தம்மாவுக்குத்தான் தப்பாக நிர்ணயம் பண்ணியிருக்கிறோம் என்று குளோரியுடையதை இறக்கினாலும் இறக்கும். இரண்டு பேரும் சமம், தீர்ந்தது பிரச்சினை. கடலூரில் ஒருவருக்கு அப்படித்தான் நடந்ததாம், வாங்கினதையும் மாசாமாசம் பிடித்தார்களாம். குளோரிக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள், வீட்டுக் கடன் இருக்கிறது. அவள் புருஷன் ஆரோக்கியசாமி இருந்திருந்தால் பரவாயில்லை. ஆரோக்கியசாமி. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் பதினாறு நாள், இரண்டு பேரும் மாற்றி மாற்றி. குளோரி குளிக்கப் போனால் வைரமணி உட்கார்ந்திருப்பாள். அவர் மூச்சு நின்றபோது உள்ளே இருந்தது வைரமணிதான். வெளியே வந்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். குளோரி ஈரத்தலையோடு வந்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், "மணிக்கா, சொல்லாதீங்க. இன்னும் ஒரு நிமிஷம் சொல்லாதீங்க" என்றாள். அந்த ஒரு நிமிஷம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உலகத்தில் வேறு யாரோடு அப்படி நின்றிருக்கிறாள் வைரமணி? கட்டின புருஷனோடு இல்லை. பெற்ற பிள்ளையோடு இல்லை. அப்பேர்ப்பட்டவளை நான் ஒரு இன்கிரிமென்டுக்கு, நான் இன்கிரிமென்டுக்காகப் பேசவில்லை, இருபது வருஷத்துக்காகப் பேசினேன், யாருக்குப் புரிய வைப்பது, அவளுக்கு மட்டும் புரிந்தால் போதும், அவள்தான் கேட்க மாட்டேன் என்கிறாளே. கேட்க மாட்டேன் என்றாளா? நீ சொன்னாயா? எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது எழுந்து இரண்டு வரிசை நடந்தாயா? பார்க்கப் போனால் இரண்டு வரிசைதான். நடக்கலாம். இப்போதே நடக்கலாம். நர்சிங் பெண்கள் எல்லாம் பார்ப்பார்கள். குளோரி "என்ன மேடம்?" என்று கேட்டுவிட்டால் அங்கேயே விழுந்துவிடுவேன்.

ஏழு மாதம். ஏழு மாதத்துக்குப் பிறகு இந்த வண்டியே இல்லை அவளுக்கு. இதை இதுவரை அவள் சரியாக நினைத்துப் பார்த்ததில்லை. சோளகம்பட்டி நாவல் மரங்கள் பின்னால் ஓடும்போது திடீரென்று நினைத்தாள். மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஆளுக்கு இரண்டு நல்ல வார்த்தை பேசி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலையில் வேப்பமரத்தடியில் குளோரி நிற்பாள், இவள் தஞ்சாவூரில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். இரண்டு வரிசை தள்ளி வருகிற அந்தச் சிரிப்புகூட இருக்காது. காதோரம் இன்னும் எவ்வளவு வெளுத்தது என்று தெரியாது. பெண்ணுக்குக் கல்யாணம் வந்தால் பத்திரிகை வருமோ வராதோ. அவளுக்கு ஒன்று ஆனால் யார் வந்து சொல்வார்கள்? இப்படியே பேசாமல் முடியப் போகிறதா இது? இதற்கு முடிவு இந்த மௌனம்தானா? அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. கேஸ் போட்டால் மதுரையில் நடக்கும். சும்மா ஒரு நாளில் முடிகிற கேஸா? ஆபீசில் உத்தமநாதன் என்று ஒருவர் போட்ட கேஸ் பதினோரு வருஷம் நடந்தது. வாய்தா, வாய்தா, வாய்தா. வாதி ஒரு பக்கம், பிரதிவாதி ஒரு பக்கம் கோர்ட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? சினிமாவில் காட்டுகிறார்கள், ஊரில் நிலத் தகராறில் அவள் அப்பா அலைந்திருக்கிறார். இரண்டு பெயரையும் சேர்த்துத்தானே கூப்பிடுவான் அங்கே, வைரமணி, குளோரி என்று ஒரே மூச்சில்? திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரே பஸ்தான். விடியக்காலையில் கிளம்பினால் ஒரே நேரம்தான் போய் இறங்க வேண்டும். வராண்டாவில் ஒரு பெஞ்சுதான் போட்டிருப்பார்கள். முதல் வாய்தாவுக்கு அந்தக் கோடியில் உட்காருவாள், முறைத்துக்கொண்டு. உட்காரட்டும். இரண்டாவதுக்கும் முறைப்பாள். மத்தியானம் வரைக்கும் கூப்பிட மாட்டான், பசிக்கும். டப்பாவைத் திறப்பாள். கருவாடு கொண்டுவருவாளோ கோர்ட்டுக்கு? கொண்டுவருவாள், அவளுக்கென்ன பயம். ஐந்தாவது ஆறாவது வாய்தாவில் மழை பெய்யும், பஸ் இருக்காது, வேறு யாரையும் தெரியாது அந்த ஊரில். பேசித்தானே ஆக வேண்டும்? மணி என்ன மேடம் என்றாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? நான் சொல்லுவேன். பதினோரு வருஷம் கிடக்கிறது, சொல்லிவிட மாட்டேனா? தோற்றாலும் தோற்கட்டும். நல்லபடியாக இழுக்க வேண்டும், சாமி, சீக்கிரம் தீர்ப்புக் கொடுத்துவிடக் கூடாது.

பேனாவை எடுத்தாள். படிவத்தை மடியில் வைத்துப் பிரித்து, சாப்பாட்டுப் பையை அடியில் முட்டுக் கொடுத்து, பத்தாவது கட்டத்தில் எழுதினாள். ம. குளோரி. கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதுகிற மாதிரி நிறுத்தி எழுதினாள். பிறந்த தேதி. யோசிக்கவே இல்லை, வருஷா வருஷம் இந்த வண்டியிலேயே கேக் வெட்டியிருக்கிறார்கள், டிக்கெட் பரிசோதகருக்குக்கூட ஒரு துண்டு கொடுத்திருக்கிறார்கள். நியமன உத்தரவு எண். அதுவும் கையில் நின்றது, ஒரு தரம் அடித்த எண்ணை அவள் விரல் மறப்பதில்லை. சேர்ந்த தேதி, முற்பகலா பிற்பகலா, முற்பகல். வீட்டு முகவரி, கதவு எண், மாதா கோயில் தெரு, பின்கோடு. அடிப்படைச் சம்பளம், அன்று பார்த்தது, அதில் இவ்வருஷத்து இன்கிரிமென்டைக் கூட்டி. தந்தை அல்லது கணவர் பெயர். ஆரோக்கியசாமி என்று எழுதினாள். பக்கத்தில் லேட் என்று போட வேண்டும், போடாவிட்டால் தப்பு. பேனா நின்றது. திருவெறும்பூரில் கூட்டம் இறங்கி ஏறியது, யாரோ தோளில் இடித்தார்கள், ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. இன்னும் ஒரு நிமிஷம் எழுதாதீங்க என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு வரிசை தள்ளி குளோரி ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் கொஞ்சம் திறந்து, எப்போதும் இவள் தோளில் சாய்ந்து தூங்குகிற அதே தூக்கம். லேட் என்று போட்டாள். முழுக்க ஒரு தரம் படித்துப் பார்த்தாள். அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. பொன்மலை பணிமனைச் சுவர் வந்ததும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பல நாளைக்குப் பிறகு முழங்கால் வலி தெரியாமல் எழுந்து நின்றாள். குளோரி எழுந்துவிட்டாளா என்று பார்த்தாள், எழுந்துவிட்டாள். போகட்டும், முன்னால் போகட்டும், எங்கே போய்விடப் போகிறாள் இனிமேல்?

நல்லசிவம் டீக்கடைக்குப் பக்கத்தில், கக்கத்தில் கோப்போடு நின்றுகொண்டிருந்தார். படிவத்தை வாங்கி, நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி, நேரே பத்தாவது கட்டத்துக்குப் போனார். "அடேங்கப்பா" என்றார். "பொறந்த தேதி, ஆர்டர் நம்பர், விலாசம், பேசிக், ஒண்ணு பாக்கியில்ல. மத்தவங்கல்லாம் தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போட்டு நாலு மாசம் அலைஞ்சாங்கம்மா. இவ்வளவு சுத்தமா யாருமே எழுதிக் குடுத்ததில்ல." வைரமணிக்குச் சுரீரென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "மதுரைக்கு எப்ப வரணும் சார்?" என்று கேட்டாள். "எதுக்கும்மா?" என்றார் அவர். "இல்ல, விசாரணைக்கு. ரெண்டு தரப்பும் வரணும்ல?" நல்லசிவம் சிரித்துவிட்டார். "அட நீங்க ஒண்ணு. இது நெலத் தகராறா? ரிட் மனும்மா. உங்க கையெழுத்தோட சரி, மிச்சத்த வக்கீல் பாத்துக்குவாரு. நீங்களும் வர வேணாம், அவங்களும் வர வேணாம். நோட்டீஸ் தபால்ல போயிரும், பதில் அவங்க வக்கீல் போடுவாரு. பத்து வருஷம் நடந்தாலும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டியதே இல்ல. எல்லாம் காயிதத்துலயே முடிஞ்சிரும்." முழங்கால் வலிக்கிற மனுஷிக்கு அலைச்சல் மிச்சம் என்று அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். கோப்பைத் திறந்து படிவத்தை மற்ற நாற்பதோடு செருகினார். ஊதா நிறப் புடவை நடைபாலத்துப் படிகளில் தலைகளோடு தலையாக ஏறிக்கொண்டிருந்தது. "சார்" என்றாள் வைரமணி. ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்த நல்லசிவம் திரும்பி, "சொல்லுங்கம்மா" என்றார். கையை நீட்டினால் அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடுவார், நல்ல மனுஷன். அவள் கை கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தது, அது நீளவில்லை. "ஒண்ணுமில்ல சார்" என்றாள். அவர் போனார். நடைபாலத்தின் மேல் இப்போது ஊதா நிறம் எதுவும் தெரியவில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.